ஐஈஎல்டிஎஸ் ரீடிங்: ‘நாட் கிவன்’ குழப்பம் தீர

ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் திறன் தேர்வின் அகாடமிக் ரீடிங்கில் 3 வாசிப்புப் பகுதிகள், 40 கேள்விகள், 60 நிமிடம். பலர் சறுக்குவது ‘ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்’ கேள்விகளில்தான். உதாரணமாக, பாலம் 1890இல் கட்டப்பட்டது என்கிறது பகுதி. அதுவே ஊரின் முதல் பாலம் என்கிறது கேள்வி. உடனே ஃபால்ஸ் போடாதீர்கள். பகுதி நேராக மறுத்தால்தான் ஃபால்ஸ். அதுபற்றி மூச்சே விடாவிட்டால் நாட் கிவன்.

இவ்வகைக் கேள்விகள் பகுதியின் வரிசையிலேயே வரும். 4, 6ஆம் விடைகள் கிடைத்த வரிகளுக்கு இடையில்தான் 5ஐத் தேட வேண்டும். பயிற்சியில் ஒவ்வொரு ட்ரூ, ஃபால்ஸ் விடைக்கும் ஆதார வரியை ஓரத்தில் குறியுங்கள். வரி சிக்கவில்லையா? பொது அறிவை வைத்து ஊகித்திருப்பீர்கள்.

நேரத்தை 15, 20, 25 நிமிடமாகப் பிரியுங்கள். கடைசிப் பகுதி பொதுவாகக் கடினம். காகிதத் தேர்வில் விடைத்தாளில் எழுதவும் இதே 60 நிமிடம்தான்.