புது டிஏசி, புது கேபிள்: வித்தியாசம் கேட்கிறதா என்று பார்ப்பதில் நடக்கும் தவறுகள்

லேப்டாப்பின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு ஒயர் போட்டுப் பாட்டுக் கேட்டவர், ஒரு டிஏசி (டிஜிட்டல் பாட்டை மின் ஒலியலையாக மாற்றும் கருவி) வாங்கி நடுவில் சேர்க்கிறார். பாட்டைப் போட்டதும் மிருதங்கம் முன்னால் வந்து நிற்கிறது. பாடுபவர் மூச்சு இழுப்பதுகூடத் தெரிகிறது. கொடுத்த பணத்துக்குப் பலன் கிடைத்துவிட்டதாகவே தோன்றும். ஆனால் பல லேப்டாப்கள் முழு வால்யூமில் 1 வோல்ட் அளவில்தான் தருகின்றன. டிஏசிகள் பெரும்பாலும் 2 வோல்ட் தருகின்றன. ஆம்ப்பின் குமிழைத் தொடாமல் ஒன்றைக் கழற்றி மற்றொன்றைச் செருகினால் ஒலி 6 டெசிபல் ஏறிவிடும். அவர் கேட்டது அந்த 6 டெசிபலை. டிஏசி நல்லதா என்பது இன்னும் தெரியவே இல்லை.

சத்தத்தைச் சமமாக்காமல் ஒப்பிடுவது

எல்லாத் தவறுகளுக்கும் தாய் இதுதான். 6 டெசிபல் கூடினால் கவனமாகக் கேட்பவர் கண்டுபிடித்துவிடுவார். அரை டெசிபல் கூடினால் அது சத்தமாகப் படாது. தெளிவு கூடியதுபோல, பேஸ் இறுகியதுபோலப் படும். அதனால் காதை வைத்தே "ரெண்டும் ஒரே சத்தம்தான்" என்று சமமாக்குவது போதாது. மொபைல் செயலியும் போதாது. போனைப் பிடித்த கை சற்று நகர்ந்தாலே எண் மாறிவிடும்.

மல்டிமீட்டர் வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் மஞ்சள் மீட்டர்கள் பலவற்றில் ஏசி வோல்ட்டுக்கு 200, 750 என்ற இரண்டு நிலைகள்தான் இருக்கும். 200-இல் வைத்தால் 0.1 வோல்ட்டுக்குக் கீழே காட்டாது. 2 வோல்ட்டில் 0.1 வோல்ட் பிசகினால் 0.4 டெசிபல் போய்விடும். ஏசியில் 2 அல்லது 20 வோல்ட் நிலை உள்ள மீட்டராகப் பார்த்து வாங்குங்கள்.

200 ஹெர்ட்ஸ் சைன் ஒலி, அதாவது ஒரே சீரான தொனி, உள்ள கோப்பு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். (எளிய மீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் போனால் தவறாகக் காட்டலாம்.) ஸ்பீக்கர் இணைந்திருக்கும்போதே, அதன் பின்பக்கச் சிவப்பு, கறுப்பு முனைகளில் மீட்டர் முள்களை வையுங்கள். முள்கள் ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாது. தொட்டால் ஆம்ப் ஷார்ட் ஆகும். முதல் கருவியில் 2.00 வோல்ட் வந்தால், இரண்டாவதில் 1.98-க்கும் 2.02-க்கும் நடுவில் வரும்படி வால்யூமை மாற்றுங்கள். இது 0.1 டெசிபலுக்குள் அடங்கும். இடது, வலது இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும். மலிவான வால்யூம் குமிழ்கள் குறைந்த வால்யூமில் ஒரு பக்கத்தைத் தூக்கிவிடும்.

இந்த ஒரு வேலையைச் செய்து முடித்ததும் பாதி "முன்னேற்றங்கள்" காணாமல் போய்விடும்.

பெயரைப் பார்த்துக்கொண்டே கேட்பது

1994-இல் ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்தின் ஊழியர்கள் 40 பேரை வைத்து நான்கு ஸ்பீக்கர்களைச் சோதித்தார்கள். கண்ணுக்குத் தெரியும்படி வைத்தபோது பெரிய, விலை கூடிய பெட்டிகளுக்கு மதிப்பெண் ஏறியது. சின்னப் பெட்டிக்கு இறங்கியது. திரை போட்டதும் கணக்கு மாறியது. அதைவிட முக்கியமாக, ஸ்பீக்கரின் இடத்தை மாற்றியபோது ஒலியில் வந்த உண்மையான மாற்றங்களைத் திரைக்கு இப்பால் இருந்து கவனித்தவர்கள், பெட்டியைப் பார்த்தபோது அவ்வளவாகக் கவனிக்கவில்லை. பார்வை இல்லாததைக் கேட்க வைப்பதோடு இருப்பதையும் மறைத்துவிடுகிறது. ஒலி நிபுணருக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை.

வீட்டில் செய்வதற்கு ஓர் உதவியாளர் போதும். அவர் உங்கள் கண்ணில் படாத இடத்தில் நின்று, ஒவ்வொரு சுற்றிலும் காசைச் சுண்டி எந்தக் கருவி என்று முடிவு செய்து குறித்துக்கொள்ளட்டும். கருவி மாறாத சுற்றிலும் பாட்டை நிறுத்தி, செருகியைக் கழற்றி மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் எடுத்துக்கொண்ட நேரமே விடையைச் சொல்லிவிடும். 16 சுற்று வையுங்கள். 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால் வித்தியாசம் கேட்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். வெறும் ஊகத்தில் அது நடக்க 4 சதவீத வாய்ப்புதான். ஐந்துக்கு நான்கு சரியென்றால் அதில் ஒன்றும் இல்லை, ஊகத்திலேயே அடிக்கடி வரும்.

முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு ஒயரை மாற்றி மறுபடி முழுப் பாட்டையும் கேட்பதும் பயனில்லை. ஒலியின் நுணுக்கம் நினைவில் சில நொடிகளே நிற்கும். தம்புரா சுருதியும் குரலும் சேரும் பகுதியில் 10 நொடியை வெட்டி எடுத்து, ஒரு செலக்டர் சுவிட்ச் வழியாக உடனுக்குடன் மாற்றிக் கேளுங்கள். கோப்புகளை மட்டும் ஒப்பிடுவதற்கு ஃபூபார்2000 என்ற பாட்டுச் செயலிக்கான ஏபிஎக்ஸ் (பெயரை மறைத்து ஒப்பிடும்) செருகுநிரல் இலவசமாகவே கிடைக்கிறது.

வேறு மாஸ்டரை வைத்து ஹை-ரெஸ்ஸைப் புகழ்வது

ஒரே பாட்டின் ஹை-ரெஸ் (சிடியின் 16 பிட்டைவிடக் கூடிய, 24 பிட் போன்ற) பதிப்பும் சிடி பதிப்பும் பல நேரம் வெவ்வேறு மாஸ்டரிங்கில் (வெளியிடுமுன் செய்யும் கடைசி ஒலிச் சீரமைப்பில்) வருகின்றன. அங்கே கேட்கும் வித்தியாசம் ஒலிப்பொறியாளர் செய்தது; 24 பிட் செய்ததல்ல. ஹை-ரெஸ் கோப்பை நீங்களே 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றி, அந்த இரண்டை ஒப்பிடுங்கள். 2007-இல் மேயர், மோரன் என்ற ஆய்வாளர்கள் இதே கேள்வியை 554 முறை சோதித்தார்கள். சரியான விடை 49.8 சதவீதம், அதாவது காசு சுண்டியதற்குச் சமம். 2016-இல் ஆய்வாளர் ஜோஷுவா ரைஸ் 18 சோதனைகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது 52.3 சதவீதம் வந்தது. பயிற்சி பெற்றவர்களிடம் அது கூடியது. ஆக வித்தியாசமே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. பணம் போட வேண்டிய முதல் இடம் அதுவல்ல என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

கேபிளில் தடிமனை விட்டுவிட்டுப் பெயரை வாங்குவது

கேபிள் எதுவாக இருந்தாலும் ஒன்றுதான் என்பதும் தவறு. 5 மீட்டர் தூரத்துக்கு 0.5 ஸ்கொயர் எம்எம் மெல்லிய ஒயர் போட்டால், போக வர 10 மீட்டர் செம்பில் 0.34 ஓம் தடை. ஸ்பீக்கரின் மின்மறுப்பு (ஏசி மின்னோட்டத்துக்கு அது தரும் தடை) எல்லா அதிர்வெண்ணிலும் ஒன்றாக இருக்காது. 3 ஓமுக்கு இறங்கி 20 ஓமுக்கு ஏறும். இறங்கும் இடத்தில் 0.9 டெசிபலும் ஏறும் இடத்தில் 0.15 டெசிபலும் குறையும். இந்தக் கோணல் காதில் படக்கூடியது. 2.5 ஸ்கொயர் எம்எம் போட்டால் அந்த வேறுபாடு 0.2 டெசிபலுக்குள் வந்துவிடும். எலெக்ட்ரிக்கல் கடையில் மீட்டர் கணக்கில் வாங்கும் சாதாரணச் செம்பு ஒயரே போதும். முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். செம்பு நிறத்துக்கு அடியில் வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும்.

இதே கணக்கு இயர்போனில் இன்னும் கடுமையாக வேலை செய்யும். பல டிரைவர் (ஒலி எழுப்பும் குட்டி ஸ்பீக்கர்) உள்ள சில இயர்போன்கள் ஓரிடத்தில் 8 ஓம், வேறிடத்தில் 40 ஓம். ஆம்ப்பின் வெளியீட்டு மின்மறுப்பு 10 ஓம் என்றால் இரண்டுக்கும் நடுவே 5 டெசிபல் வேறுபாடு விழும். 1 ஓம் என்றால் 0.8 டெசிபல். இங்கே டாங்கிளை (போனில் செருகி இயர்போனை மாட்டும் சின்ன டிஏசி-ஆம்ப்பை) மாற்றினால் உண்மையாகவே கேட்கும். 1985-இல் ஆம்ப் வடிவமைப்பாளர் பாப் கார்வர் தன் டிரான்சிஸ்டர் ஆம்ப்பை விலையுயர்ந்த வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப் போலவே ஒலிக்கச் செய்து காட்டினார். ஸ்டீரியோஃபைல் என்ற ஆடியோ இதழின் விமர்சகர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வால்வு ஆம்ப்பின் குணம் பெரும்பாலும் வெளியீட்டு மின்மறுப்பு போன்ற அளக்கக்கூடிய காரணங்களில் இருக்கிறது.

'ம்ம்ம்' என்ற இரைச்சலுக்காக விலை கூடிய பவர் கேபிள் வாங்காதீர்கள். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் அது எர்த் வளையம் (இரு கருவிகளின் எர்த் இணைப்புகள் ஒயர் வழியே வளையமாகி இரைச்சல் புகுவது). எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் பல இடங்களில் அடங்கிவிடும். எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் வெட்டாதீர்கள். உள்ளே ஒயர் கழன்று உலோக உடலைத் தொட்டால், உயிரைக் காப்பது அந்தப் பின்தான்.

அறையை மறந்துவிடுவது

10-க்கு 10 அறை, 10 அடி உயரத்தில் கான்கிரீட் கூரை, கீழே டைல்ஸ். நம் ஊரில் சாதாரணமாகக் காணும் இந்த அமைப்பு ஒலிக்கு மிக மோசமானது. 10 அடி, அதாவது 3.05 மீட்டர் இடைவெளியில் எதிரெதிர்ச் சுவர்கள் இருந்தால் 56 ஹெர்ட்ஸில் அதிர்வு தங்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றானால் மூன்று அதிர்வும் அதே 56 ஹெர்ட்ஸில் வந்து குவியும். ஒரு சுரம் மட்டும் அறையையே அடைத்துக்கொண்டு முழங்கும். அடுத்த சுரம் காணாது. 10 டெசிபலுக்கு மேல் ஏறி இறங்கும் இந்தக் கோணலுக்கு முன்னால், டிஏசி மாற்றத்தில் வரும் நூறில் ஒரு பங்கு டெசிபல் எங்கே கேட்கப் போகிறது?

செலவில்லாமல் தொடங்குங்கள். ஸ்பீக்கர் மூலையில் இருந்தால் வெளியே எடுங்கள். உட்காரும் நாற்காலி பின்சுவரை ஒட்டியோ அறையின் நட்டநடுவிலோ இருக்கக் கூடாது; சுவரில் பேஸ் குவியும், நடுவில் அந்த 56 ஹெர்ட்ஸ் மறையும். மெதுவாக ஏறும் பேஸ் வரி உள்ள பாட்டைப் போட்டு, நாற்காலியை ஒரு தடவைக்கு ஓர் அடி நகர்த்துங்கள். எல்லாச் சுரமும் ஏறத்தாழ ஒரே அளவில் கேட்கும் இடம் கிடைக்கும். ஸ்பீக்கரின் ஒலி முதலில் பட்டுத் தெறிக்கும் பக்கச் சுவரில் கனத்த திரைச்சீலை, ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே தரையில் தடித்த ஜமுக்காளம் ஆகியவை கைதட்டினால் வரும் 'டணீர்' ஒலியை அடக்கும். பேஸை அவை தொடாது. ஒவ்வொரு நிலையையும் தரையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள், பழைய இடத்துக்குத் திரும்பிப்போய் ஒப்பிட வேண்டியிருக்கும்.