கழிமுக அஞ்சாளை வளர்ப்போர் செய்யும் தவறுகள்

வண்ணமீன் கடைகளில் ‘நன்னீர் விலாங்கு’ என்று விற்கப்படுவனவற்றில் ஒன்று, கங்கைக் கழிமுகத்தில் வாழும் அஞ்சாளை. விலங்கியல் பெயர் ஜிம்னோதோராக்ஸ் டைல். கங்கை மீன்களை ஆராய்ந்த ஃபிரான்சிஸ் ஹாமில்டன் 1822இல் இதை விவரித்தார். ஆறு கடலைச் சேரும் சேற்றுப் பகுதியே இதன் வீடு. ஓதம் ஏறும்போது அங்கே உப்பும் ஏறும்; வடியும்போது குறையும்.

இதைக் குழாய்த் தண்ணீரில் விடுவதைவிடப் பெரிய தவறு இல்லை. “கடையில் நன்றாகத்தானே இருந்தது?” என்பார்கள். இருக்கும். உவர்ப்பின் ஏற்ற இறக்கத்துக்குப் பழகிய உடல் என்பதால் சில காலம் தாக்குப்பிடிக்கும். ஆனால் நன்னீரில் உடலுக்குள் தண்ணீர் புகுந்துகொண்டே இருக்க, உப்பு வெளியேறிக்கொண்டே இருக்கும். இரையைத் தொடாமல் கிடப்பது இதன் முதல் அறிகுறி. பலர் அதை நோய் என்று நினைத்துத் தாமிரம் கலந்த மருந்தை ஊற்றுகிறார்கள். செதிலே இல்லாத இந்த மீனுக்கு அது இரட்டை அடி. தேவைப்படுவது மருந்தல்ல, மீன்தொட்டிக்கென்றே விற்கும் கடல் உப்பு. சமையல் உப்பு இதற்கு ஈடாகாது. நீரின் அடர்த்தியை வைத்து உப்பளவைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் 1.010 முதல் 1.015 வரை காட்டினால் நல்லது, கடல்நீர் 1.025 காட்டும். மாற்றத்தை ஒரே நாளில் செய்யாமல் படிப்படியாகச் செய்யுங்கள்.

வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்து, சீறுகிறது என்று பயப்பட வேண்டாம். செவுள் துளைகள் சிறியவை. வாயால் நீரை இழுத்துத் தள்ளித்தான் அது மூச்சுவிடுகிறது. அதற்காகக் கையால் இரை ஊட்டத் துணியவும் வேண்டாம். பார்வை மந்தம், மோப்பம் கூர்மை. இறால் வாசம் வீசும் விரலும் அதற்கு இறால்தான். அஞ்சாளைகளின் தொண்டைக்குள் இன்னொரு தாடை உண்டு. அது முன்னால் பாய்ந்து இரையைக் கவ்வி உள்ளே இழுப்பதை 2007இல் ஆய்வாளர்கள் ரீட்டா மேத்தாவும் பீட்டர் வெயின்ரைட்டும் படம்பிடித்துக் காட்டினார்கள். நீண்ட இடுக்கி வாங்கிக்கொள்ளுங்கள்.

சிறு மீன்களைக் கூட விட்டால் அவை இரவு உணவாகிவிடும். பகலில் பதுங்க பிவிசி குழாய்த் துண்டு போதும்; கூரான சரளைக்குப் பதில் நைசான மணல் போடுங்கள். மூடியில் மின்கம்பி நுழையும் இடுக்கைக்கூட ஸ்பாஞ்சு வைத்து அடையுங்கள். தலை நுழைந்தால் உடலும் வெளியே வந்துவிடும்.