ஆய்வகத்துக்கு எந்த மாஸ்க்? முதலில் தீயைப் பாருங்கள்

கொரோனா காலத்தில் மாஸ்க் வாங்கப் போனவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: எது கிருமியை நன்றாகத் தடுக்கும்? கடைவீதிக்கு அது போதும். ஆய்வகத்தில் பன்சன் பர்னர் என்ற எரிவாயுச் சுடர் முன்னால் நிற்கப் போகிறவர் இன்னொன்றும் கேட்க வேண்டும்: இதில் தீப்பிடித்தால் என் முகம் என்ன ஆகும்?

படி 1: இன்று சுடர் உண்டா?

சர்ஜிக்கல் மாஸ்க், என்95 இரண்டிலும் இருப்பது பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். அது ஒரு பிளாஸ்டிக்; சுமார் 160 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். பர்னர் சுடரோ 1000 டிகிரியைத் தாண்டும். உருகிய பிளாஸ்டிக் தோலில் ஒட்டிக்கொண்டால் எளிதில் பிரித்தெடுக்க முடியாது. பருத்தியும் எரியும்தான், ஆனால் உருகி ஒட்டாது. அதனால் சுடர் உள்ள நாளில் நெருக்கமாக நெய்த, இரண்டு மூன்று அடுக்குப் பருத்தி மாஸ்க் போடுங்கள்.

பருத்தித் துணி என்95 அளவுக்குக் கிருமியைத் தடுக்காதே என்றால், உண்மைதான். அதற்கு என் யோசனை, மாஸ்க்கை மாற்றாமல் சுடரையே தவிர்ப்பது. ஹாட் பிளேட்டிலோ (மின்சாரச் சூடேற்றும் தட்டு) வாட்டர் பாத்திலோ (சுடுநீர்த் தொட்டி) முடிகிற சூடேற்றலுக்குப் பர்னர் எதற்கு? சுடர் இல்லாவிட்டால் தாராளமாக என்95 போடலாம்.

படி 2: துணி உண்மையிலேயே பருத்திதானா?

கடைக்காரர் சொன்னதை மட்டும் நம்ப வேண்டாம். தையல் ஓரத்தில் ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, கரைப்பான் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில், கீழே தண்ணீர்க் கிண்ணம் வைத்துக் கொளுத்துங்கள். காகிதம் எரிந்த வாசனையும் மென்மையான சாம்பலும் வந்தால் பருத்தி. சுருண்டு உருகி, ஆறியதும் கடினமான மணியாக நின்றால் பாலியெஸ்டர் மாதிரி செயற்கை இழை. கலப்புத் துணியில் இரண்டும் கலந்து தெரியும். காது எலாஸ்டிக்கும் செயற்கைதான். தலைக்குப் பின்னால் கட்டும் பருத்தி நாடா நல்லது. நுனியைத் தொங்கவிடாமல் செருகிவிடுங்கள்.

படி 3: வால்வு வேண்டாம்

வால்வு வைத்த என்95 நீங்கள் விடும் மூச்சை வடிகட்டாமல் வெளியே அனுப்பும். இந்தியச் சுகாதார அமைச்சகமும் 2020 ஜூலையில் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதி இதை எச்சரித்தது. இன்னொன்று, என்95 முகத்தோடு ஒட்டி உட்கார்ந்தால்தான் பயன். தாடி இருந்தால் ஓரமாகக் காற்று புகுந்துவிடும்.

படி 4: ரசாயனத்துக்கு இது கவசம் அல்ல

என்95 துகள்களுக்கானது. குளோரோஃபார்ம் ஆவி, அமில ஆவி எல்லாம் அதற்குள் நேராகப் புகும். அவற்றைக் கையாள, ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூட் என்ற அடைப்பு மேசை இருக்கிறது; மாஸ்க் போட்டிருக்கிறோமே என்று வெளியே மேசையில் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

படி 5: கண்ணாடி மூடுபனி

கண்ணாடியில் ஆவி படிந்தால் பலர் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிவிடுகிறார்கள். இது எனக்குப் பெரிய கவலை, கண்ணுக்கு மாற்று கிடையாது. மூக்கின் மேல் வளையும் கம்பி உள்ள மாஸ்க்கை நன்றாக அழுத்திப் பொருத்தினால் பெருமளவு சரியாகும். எம்ஆர்ஐ ஸ்கேன், என்எம்ஆர் (மூலக்கூறு ஆராயும் கருவி) ஆகியவற்றின் வலிமையான காந்தம் உள்ள அறைக்கு மட்டும் கம்பி இல்லாதது வேண்டும். எம்ஆர்ஐ எடுத்தபோது மாஸ்க்கின் உலோகம் சூடாகி முகத்தைச் சுட்டது பற்றி அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020 டிசம்பரில் எச்சரித்தது.

படி 6: மாற்றுவதும் கழற்றுவதும்

மாஸ்க் மேல் சானிடைசர் அடிக்காதீர்கள். ஆல்கஹால் பட்டால் என்95 இழைகளில் துகள்களை ஈர்த்துப் பிடிக்கும் மின்னூட்டம் போய் வடிகட்டும் திறன் குறையும். ஈரம் காயாமல் சுடர் அருகே போனால் தீயே பிடிக்கலாம். ஆய்வக மாஸ்க்கோடு கேன்டீனுக்குப் போக வேண்டாம், வெளியே போட ஒன்றைத் தனி உறையில் வைத்திருங்கள். கழற்றும்போது முதலில் கையுறை, அப்புறம் கை கழுவல், கடைசியாக நாடாவைப் பிடித்து மாஸ்க். ஆனால் ரசாயனம் தெறித்துவிட்டால் இந்த வரிசை பார்க்காமல் உடனே கழற்றி எறிந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் முகத்தைக் கழுவுங்கள். கூட இருப்பவரைக் கூப்பிடுங்கள்.