ஜப்பானுக்குத் திரும்பியபின் குடியிருப்புப் பதிவை மீண்டும் பெறுவது எப்படி?

ஜப்பானில் வேலை செய்துவிட்டு, பெற்றோரின் உடல்நிலைக்காகவோ பிரசவத்துக்காகவோ சில மாதங்கள் ஊரில் தங்கித் திரும்பும் நம்மவர்கள் பலர், வார்டு அலுவலகத்தில் பதிவை மீண்டும் உயிர்ப்பிக்கும் இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். 2012 ஜூலை முதல் வெளிநாட்டவரும் ஜப்பானியர் இருக்கும் அதே குடியிருப்புப் பதிவேட்டில்தான் சேர்க்கப்படுகிறார்கள். அந்தப் பதிவின் நகலான ஜூமின்ஹியோ இல்லாமல் காப்பீடு, வங்கி, குழந்தைகள் உதவித்தொகை என எதுவும் நகராது என்பதால், முதல் முறை செய்பவர்களை மனத்தில் வைத்து இதை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: திரும்பும் உரிமை இருக்கிறதா என்று ஊரிலேயே பாருங்கள்

புறப்படும்போது விமான நிலையத்தில் நிரப்பிய அட்டையில், திரும்பி வரும் எண்ணம் உண்டு என்ற கட்டத்தில் குறியிட்டிருந்தால், உங்களிடம் இருப்பது சிறப்பு மறுநுழைவு அனுமதி. அது ஓராண்டுக்கு மட்டுமே செல்லும். அதற்குள் விசாக் காலம் முடிந்தால் அதோடு அனுமதியும் முடியும். இதை வெளிநாட்டிலிருந்து ஒரு நாள்கூட நீட்டிக்க முடியாது. குடிவரவு அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்கும் சாதாரண மறுநுழைவு அனுமதி அதிகபட்சம் 5 ஆண்டு வரை கிடைக்கும். தக்க காரணம் இருந்தால் அதைத் தூதரகம் வழியாக நீட்டிக்கக் கேட்கலாம். ஆகவே ஓராண்டை நெருங்கும் பயணம் என்றால் இரண்டாவதை வாங்கிக்கொண்டு கிளம்புவதே நல்லது. காலம் கடந்துவிட்டால் நிரந்தரக் குடியுரிமம் பெற்றவருக்கும் அந்தத் தகுதி போய்விடும். பிறகு புதிய விசா, புதிய அட்டை என்று முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

படி 2: நுழைந்த நாளுக்குச் சான்று வாங்குங்கள்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள். விமான நிலையத்தில் தானியங்கி வாயில் வழியாக வெளியே வந்தால் பாஸ்போர்ட்டில் முத்திரை விழாது. நான் ஒருமுறை அப்படி வந்துவிட்டேன். வார்டு அலுவலகக் கவுன்ட்டரில் இருந்த பெண்மணி என் பாஸ்போர்ட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, எந்தத் தேதியில் வந்தீர்கள் என்பதற்கு வேறு சான்று உண்டா என்று மெதுவாகக் கேட்டார். பையின் பக்க அறையில் மடித்து வைத்திருந்த போர்டிங் பாஸ் துண்டுதான் அன்று கைகொடுத்தது. வாயிலைக் கடந்ததும் அருகிலேயே இருக்கும் அதிகாரியிடம் கேட்டால் முத்திரை இட்டுத் தருவார்; அதைக் கேட்டு வாங்குங்கள், போர்டிங் பாஸையும் எறிந்துவிடாதீர்கள்.

படி 3: குடியேறிய 14 நாட்களுக்குள் பதியுங்கள்

இந்த 14 நாட்கள், விமானம் இறங்கிய நாளிலிருந்து அல்ல, புதிய முகவரியில் குடியேறிய நாளிலிருந்து எண்ணப்படும். குடியேறுவதற்கு முன்பே பதிய முடியாது. தக்க காரணமின்றித் தாமதித்தால் 50,000 யென் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு.

குடும்பத்தில் அனைவருடைய பாஸ்போர்ட்டையும், வெளிநாட்டவருக்குத் தரப்படும் குடியிருப்பு அட்டையான சைரியூ அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். தென்யூ தோதோகே எனப்படும், புதிய முகவரிக்குக் குடிவந்ததை அறிவிக்கும் படிவத்தில், முந்தைய முகவரி என்ற இடத்தில் ஜப்பானின் பழைய வீட்டை எழுதாமல், இந்தியா அல்லது இலங்கை என நீங்கள் இருந்த நாட்டை எழுத வேண்டும். குடும்பத் தலைவரும் வெளிநாட்டவராக இருந்தால் உறவுமுறைக்குச் சான்று கேட்பார்கள். முன்பு கொடுத்திருந்தாலும் மீண்டும் கேட்கக்கூடும் என்பதால், திருமணச் சான்றிதழையும் குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழையும் ஜப்பானிய மொழிபெயர்ப்போடு வைத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்த்தவரின் பெயர் அதில் இருக்க வேண்டும். நம் சான்றிதழ்களில் தகப்பனார் பெயர் ஒரு தாளில் முதலெழுத்தாகவும் இன்னொன்றில் முழுப் பெயராகவும் இருப்பது வழக்கம்; ஜப்பானிய அலுவலருக்கு அவை இரண்டு வெவ்வேறு ஆட்களாகவே தெரியும். அது ஒரே ஆள்தான் என்று மொழிபெயர்ப்பிலேயே ஒரு வரி குறிப்பு எழுதிவிடுங்கள்.

வேலை முடிந்ததும் சைரியூ அட்டையின் பின்புறத்தில் புதிய முகவரி ஏறியிருக்கும். கவுன்ட்டரை விட்டு நகர்வதற்கு முன் வீட்டு எண்ணையும் அறை எண்ணையும் சரிபாருங்கள்.

ஜப்பானை விட்டுப் போகும்போது, முகவரியைக் காலி செய்கிறேன் என்று வார்டு அலுவலகத்தில் தரவேண்டிய வெளியேறும் அறிவிப்பைக் கொடுக்காமலே கிளம்பியவர்களின் நிலை வேறு. அனுப்பிய கடிதங்கள் திரும்பி வந்ததைக் கண்டு அலுவலகமே பதிவை நீக்கியிருக்கலாம், அல்லது பதிவு அப்படியே இருந்து காப்பீட்டுத் தொகை ஏறிக்கொண்டே போயிருக்கலாம். எதையும் மறைக்காமல், வெளியேறிய தேதியும் நுழைந்த தேதியும் தெரியும் பக்கங்களைக் காட்டிப் பேசுங்கள்.

படி 4: அதே நாளில் மற்ற கவுன்ட்டர்கள்

நிறுவனத்தின் காப்பீடு இல்லாதவர்கள் தேசிய மருத்துவக் காப்பீட்டில் சேர வேண்டும். தாமதித்துச் சேர்ந்தாலும் தொகை குடியேறிய நாளிலிருந்தே கணக்கிடப்படும். முந்தைய ஆண்டு ஜப்பானில் வருமானம் இல்லையென்றால், வருமானம் இல்லை என்பதையும் எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் காப்பீட்டுத் தொகையில் சலுகை கிடைக்காது. நிறுவனம் வழியாக ஓய்வூதியத் திட்டத்தில் சேராத, 20 முதல் 59 வயது வரையுள்ளவர்கள் ஓய்வூதியக் கவுன்ட்டரிலும் பதிய வேண்டும். மை நம்பர் என்ற 12 இலக்க அடையாள எண் மாறாது, பழையதே தொடரும். ஆனால் அட்டைக்கு மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும்.

குழந்தைகள் இருந்தால் உதவித்தொகைக்கான விண்ணப்பத்தை நாளைக்கு என்று தள்ளாதீர்கள். 2024 அக்டோபர் முதல் உயர்நிலைப் பள்ளி வயது வரை அது கிடைக்கிறது. குடியேறிய 15 நாட்களுக்குள் விண்ணப்பிக்காவிட்டால், தவறிய மாதங்களுக்கான பணத்தைப் பின்னால் கேட்டுப் பெற முடியாது.