ஊமத்தை தின்றவரைக் கண்டால்

நீடாமங்கலம், வலங்கைமான் பக்கத்து ஊர்களில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வாய்க்கால் கரை, குப்பைமேடு என்று அங்கே ஊமத்தை இல்லாத இடமில்லை. சிவனுக்குச் சாத்துகிற பூ என்பதால் யாரும் பிடுங்குவதில்லை. இருந்துவிட்டுப் போகட்டும், வயிற்றுக்குள் மட்டும் போகக்கூடாது. பூ, இலை, வேர், விதை எல்லாமே விஷம்.

பிள்ளைகள் முள்ளுக்காயை உடைத்து விதையைத் தின்பார்கள். போதைக்கென்று குடிக்கிற பையன்கள் உண்டு. நாய்க்கடிக்கு அரைத்துக் கொடுக்கிற பாட்டிகளும் உண்டு (வேண்டியது தடுப்பூசி, அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் போடுகிறார்கள்). 2020 ஏப்ரலில் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில், கொரோனாவுக்கு மருந்தென்று வீடியோவில் பார்த்து ஊமத்தையைக் குடித்துப் பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள்.

தின்ற அரைமணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கும். இல்லாத ஆளோடு பேசுவார், காற்றில் எதையோ பிடிப்பார், சட்டையைப் பிய்ப்பார். வீட்டில் உடனே பேய் என்பார்கள், இல்லை சரக்கு என்பார்கள். கண்ணையும் தோலையும் பார்த்தால் தெரிந்துவிடும். பூச்சிமருந்து குடித்தவரை நம் பக்கத்தில் பார்க்காதவர் குறைவு: எச்சில் ஒழுகும், வியர்த்துக் கொட்டும், கருமணி ஊசிமுனையாகச் சுருங்கும். ஊமத்தையில் அத்தனையும் தலைகீழ். வாய் வறண்டு பேச்சு குழறும், முகம் சிவக்கும், உடம்பு கொதிக்கும், ஆனால் அக்குளில்கூட ஈரம் இருக்காது. கருமணி அகல விரிந்து, வெளிச்சம் பட்டாலும் சுருங்காது. நாடி ஓடும். மூத்திரம் அடைத்து அடிவயிறு உப்பும்.

நரம்பு சேதி கடத்தப் பயன்படும் அசிட்டைல்கோலின் என்ற பொருளைப் பல பூச்சிமருந்துகள் அளவுக்கு மீறித் தேக்கிவிடும். ஊமத்தையில் உள்ள அட்ரோபினும் ஸ்கோபோலமினும் அதை வேலை செய்யவிடாமல் மறிக்கும். பூச்சிமருந்து குடித்தவருக்கு ஆஸ்பத்திரியில் போடுவதும் அட்ரோபின் ஊசிதான். அதற்காக வீட்டில் ஊமத்தையைக் கரைத்து ஊற்றிவிடாதீர்கள். எந்தக் காயில் எவ்வளவு இருக்கிறது என்று எவராலும் சொல்ல முடியாது.

சரி, செய்ய வேண்டியது: முதலில் 108. புளிக்கரைசல், உப்புத்தண்ணீர், மோர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நினைவு தடுமாறுகிறவருக்குப் புரையேறினால் மூச்சே போய்விடும். கயிற்றில் கட்டக்கூடாது, திமிறத் திமிறச் சூடு ஏறும். சட்டையைத் தளர்த்தி ஈரத்துணியால் துடையுங்கள். வேடிக்கை பார்க்கும் கூட்டத்தை விரட்டிவிட்டு, அவருக்குப் பழகிய குரல் ஒன்று மட்டும் மெதுவாகப் பேசிக்கொண்டிருக்கட்டும். வண்டி வரும்வரை கண்ணை எடுக்காதீர்கள். நம் ஊரில் நாலு எட்டு வைத்தால் குளமோ ஆறோ வந்துவிடும். எழுந்து நடந்தால் தண்ணீர் என்றே தெரியாமல் இறங்கிவிடுவார்.

மிச்சமிருக்கும் காய், இலையைப் பையில் போட்டு எடுத்துப் போங்கள். என்ன தின்றார், எத்தனை மணிக்கு என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். குடல் மெதுவாகிவிடுவதால் விஷம் நின்று நின்று ஏறும். அதனால் கொஞ்சம் தெளிந்ததும் கையெழுத்துப் போட்டுக் கூட்டி வந்துவிடாதீர்கள், ஒன்றிரண்டு நாள் ஆகும். அப்புறமும் சில நாள் கண் கூசும், கிட்டத்து எழுத்து மங்கும். அதுவரை பைக் சாவியைக் கொடுக்க வேண்டாம்.