மலேரியா மாடல் 98 சதவீதம் காட்டுகிறதா? முதலில் சந்தேகப்படுங்கள்

மலேரியா படங்களை வைத்து டீப் லேர்னிங் (எடுத்துக்காட்டுகளைக் காட்டிக் கணினியைப் பழக்கும் முறை) பழகும் பலரும் எடுப்பது ஒரே டேட்டாசெட்தான்: அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் வெளியிட்ட 27,558 சிவப்பணுப் படங்கள். பாதியில் ஒட்டுண்ணி உண்டு, பாதியில் இல்லை. கலைத்துப் போட்டு, பயிற்சிக்கு 80, சோதனைக்கு 20 என்று பிரித்து, சின்னதாக ஒரு சிஎன்என் (படங்களை அடையாளம் காணும் மாடல்) ஓட்டினாலே துல்லியம் 95 சதவீதத்துக்கு மேல் வந்துவிடும். நானும் அப்படி ஓட்டிவிட்டுக் குதித்தவன்தான்.

கோளாறு அந்தப் பிரிப்பிலேயே இருக்கிறது. 27,558 என்பது அணுக்களின் கணக்கு. ஆட்கள் வெறும் 200 பேர்தான், வங்கதேசத்துச் சிட்டகாங் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ரத்தம் எடுக்கப்பட்ட 150 நோயாளிகளும் நோயில்லாத 50 பேரும். ஒரே ஆளின் ஸ்லைடில் வெட்டிய அணுக்களுக்கு ஒரே சாயம், ஒரே வெளிச்சம். அவற்றில் சில பயிற்சிக்கும் மீதி சோதனைக்கும் போனால், அது வினாத்தாள் கசிந்த பரீட்சை. கோப்புப் பெயரைப் பாருங்கள், 'C33P1thinF_' என்கிற மாதிரி தொடங்கும். முதல் அடிக்கோடு (_) வரை இருப்பதுதான் அந்த ஆளின் அடையாளம். அதை வைத்து ஆள்வாரியாகப் பிரியுங்கள். இன்னொன்று, ஒட்டுண்ணி இல்லாத போல்டரில் நோயாளிகளின் நல்ல அணுக்களும் கிடக்கின்றன, அதனால் இரண்டு போல்டரையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் பிரிக்க வேண்டும். காகிள் என்கிற டேட்டாசெட் தளத்தில் நான் இறக்கிய பிரதியில் போல்டருக்குள் அதே போல்டர் மறுபடியும் இருந்தது. கவனிக்காமல் எல்லாவற்றையும் வாசித்தால் ஒவ்வொரு படமும் இரண்டு தடவை வரும், அப்புறம் கேட்கவே வேண்டாம்.

அடுத்தது பாதிக்குப் பாதி என்கிற மயக்கம். நிஜ ஸ்லைடில் அப்படியா இருக்கிறது? ஆயிரம் சிவப்பணுவில் ஒன்றில்தான் ஒட்டுண்ணி என்று வையுங்கள். 5,000 அணுக்களைப் பார்த்தால் உண்மையானவை 5. நல்ல அணுக்களில் நூற்றுக்கு இரண்டைத் தவறாகப் பிடிக்கும் மாடல், அதே ஸ்லைடில் சுமார் 100 பொய் எச்சரிக்கை தரும். நோயே இல்லாதவருக்கும் கிட்டத்தட்ட அதே 100 வரும். ஆக, 98 சதவீத மாடலால் இந்த இருவரையும் பிரித்துச் சொல்ல முடியாது. நோயில்லாத அந்த 50 பேரில் பயிற்சிக்குப் போகாதவர்களின் அணுக்களை மட்டும் தனியாக ஓட்டி, ஆளுக்கு எத்தனை சதவீதம் பொய்யாக வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்தான் எனக்கு முக்கியம், துல்லியம் அல்ல.

பயிற்சிப் படங்களின் எண்ணிக்கையைக் கூட்ட ஒரே படத்தை மாற்றி மாற்றிப் பெருக்கும்போது சுழற்றலாம், புரட்டலாம், பிரச்சினை இல்லை. நிறத்தில் மட்டும் அளவோடு கை வையுங்கள்: ரத்த ஸ்லைடுக்குப் போடும் ஜீம்சா சாயத்தில் ஒட்டுண்ணியின் கரு செவ்வூதாவாகவும் சுற்றியுள்ள பகுதி நீலமாகவும் தெரியும், அந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் லேப் டெக்னீசியனே கண்டுபிடிக்கிறார்.

இன்னொரு விஷயம், இந்த நோயாளிகள் எல்லாருக்கும் இருந்தது ஃபால்சிபாரம் வகை மலேரியா. இதில் பழகிய மாடலைச் சென்னைக்குக் கொண்டுவந்தால் அங்கே காலங்காலமாக அதிகம் காணப்படுவது வைவாக்ஸ் என்கிற வேறு வகை. அது புகுந்த சிவப்பணு உப்பிப் பெரிதாகும், ஆனால் நாம் எல்லாப் படத்தையும் ஒரே சதுரத்துக்கு நீட்டிச் சுருக்கும்போது அந்த அளவு வித்தியாசத்தை நாமே அழித்துவிடுகிறோம்.

கடைசியாக, தவறிய படங்களைக் கண்ணால் பாருங்கள். கிராட்-கேம் என்கிற முறையைப் போட்டால், மாடல் எங்கே பார்க்கிறது என்று படத்தின் மேல் சிவப்பாகத் தெரியும். சிவப்பணுவின் மேல் ஏறி உட்கார்ந்த ஒரு தட்டணுவோ, கழுவாமல் தங்கிய சாயத் துகளோ அங்கே சிவந்து தெரிந்தால், அந்த மாதிரிப் படங்களைத் தேடிப் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள். லேபிளே தப்பாக இருக்கும் படங்களும் சில தட்டுப்படும்.