மலை மைதானத்தில் சமவெளி ஆட்டம்: கோல்ஃப் ஆடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூணாறு, தேவிகுளம் பக்கம் கோல்ஃப் ஆட வருகிறவர்களில் பலர் கோயம்புத்தூரிலோ கொச்சியிலோ ஆடிப் பழகியவர்கள். கைத்திறனில் குறை இருக்காது. மலையைக் கணக்கில் எடுக்காமல் அடிப்பதுதான் குறை. பந்து தேயிலைக்குள் போன பிறகு கிளப்பை, அதாவது கையிலிருக்கும் மட்டையைத் திட்டுவார்கள்.

வருவதற்கு முன்பே ஒரு தவறு நடந்துவிடுகிறது. மலை மைதானங்களில் சில யார் கட்டணம் செலுத்தினாலும் ஆடவிடும். சில உறுப்பினருக்கும் அவர்களுடைய விருந்தினருக்கும் மட்டுமே. தொலைபேசியில் கேட்காமல் பையைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வாதாடுவதில் பயன் இல்லை. உடை விதியையும் அப்போதே கேட்டுவிடுங்கள். அடுத்தது, மலைப்பாதை வளைவுகளில் வயிறு புரள ஏறி வந்து, வண்டியை விட்டு இறங்கிய கையோடு முதல் டீயில் (குழிக்கான முதல் அடியை அடிக்கும் இடம்) ஓங்கி அடிப்பது. பால் சேர்க்காத ஒரு கட்டன் சாயா குடித்து, அரை மணி நேரம் பயிற்சிக் கிரீனில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) பட் அடித்துவிட்டு, அதாவது பந்தைக் குழிக்கு உருட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

தூரக் கணக்கில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். மூணாறு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. தடுக்கும் காற்று மெலிந்திருப்பதால், கீழே 150 கஜம் போகும் ஷாட் இங்கே எட்டு, ஒன்பது கஜம் கூடுதலாகப் போகலாம். காஷ்மீரின் குல்மார்க் மைதானம் 2,650 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வித்தியாசம் இன்னும் பெரிது. இதைப் படித்துவிட்டு வருகிறவர்கள் விடியற்காலையிலேயே குறைந்த தூரம் அடிக்கும் கிளப்பை எடுப்பது வேறொரு தவறு. குளிரில் காற்று அடர்த்தியாகும், பந்தின் துள்ளலும் குறையும். உயரம் கொடுத்த லாபத்தில் ஒரு பகுதியைக் காலைக் குளிர் தின்றுவிடும். பத்து மணி வெயிலில் அது திரும்பி வரும். ஆகவே முதல் இரண்டு குழிகளில் பந்து எங்கே விழுகிறது என்று பார்த்து, அன்றைய கணக்கை அன்றே போடுங்கள்.

சரிவுக்கும் கணக்கு உண்டு. கிரீன் பத்து கஜம் கீழே இருந்தால், தூரத்தில் பத்து கஜத்தைக் கழித்துக்கொள்வது ஏறக்குறைய சரியாக வரும். மேலே இருந்தால் கூட்ட வேண்டும். காலடியைவிடப் பந்து உயரத்தில் இருக்கும்போது வலக்கைக்காரரின் ஷாட் இடப்பக்கம் போகும், தாழ்ந்திருந்தால் வலப்பக்கம். அந்த நிலையில் முழு வீச்சு வீசிக் கால் தடுமாறுகிறவர்களே அதிகம். முக்கால் வீச்சு போதும்.

கிரீனில் கண்ணை நம்பாதீர்கள். பின்னால் மலை செங்குத்தாக நிற்கும்போது, மலைச்சரிவு இறங்கும் பக்கமே சாய்ந்திருக்கும் கிரீன் சமமாகத் தெரியும், சில நேரம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருப்பதுபோலவும் தெரியும். ஆறோ அணையோ எந்தப் பக்கம் என்று கேட்டறிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பெரும்பாலும் பந்து அந்தப் பக்கமே இழுக்கும். பையைச் சுமந்து வழிகாட்டும் கேடியிடம் கேளுங்கள். இந்தப் பக்கத்துக் கேடிகளில் பலர் எஸ்டேட் லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகள்) பிறந்து வளர்ந்த தமிழர்கள். தெரிந்த மலையாளத்தையும் ஆங்கிலத்தையும் கலந்து அவர்களைத் திணறடிக்க வேண்டாம். வயதில் மூத்தவரை "அண்ணா" என்று கூப்பிட்டு, "எந்தப் பக்கம் சாயும்?" என்று தமிழிலேயே கேட்கலாம். கேட்டுவிட்டு அவர் சொன்னதற்கு எதிராக அடிப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதற்கு எதற்குக் கேட்க வேண்டும்?

தேயிலைக்குள் போன பந்துக்காகப் பாத்திக்குள் நுழைவது வேண்டாத வேலை. வெள்ளைக் கம்பங்கள் எல்லையைக் குறிக்கும். அதைத் தாண்டினால் அடிக் கணக்கில் ஒன்றைக் கூட்டும் தண்டனையோடு, முன்பு அடித்த இடத்திலிருந்தே மறுபடி அடிக்க வேண்டும். பந்து எல்லை தாண்டியதோ என்ற ஐயம் வந்தால், நகர்வதற்கு முன்பே "புரொவிஷனல் பந்து" (தற்காலிகப் பந்து) என்று சொல்லிவிட்டு இன்னொன்றை அடித்துவிடுங்கள். அப்படித் தெளிவாகச் சொல்லாமல் அடித்தால் இரண்டாவது பந்துதான் ஆட்டத்தில் இருக்கும், முதல் பந்து கிடைத்தாலும் பயனில்லை. தேடும் நேரமும் 2019 முதல் மூன்று நிமிடம்தான், முன்போல ஐந்து அல்ல. மழைக்காலத்தில் இரத்தம் உறிஞ்சும் அட்டைகளுக்கு அந்த மூன்று நிமிடமே தாராளம்.

டீயில் நின்று ஆளுக்கு ஆள் படம் எடுத்துக்கொண்டிருந்தால், பின்னால் நான்கு பேர் காத்திருப்பார்கள். மலை எங்கும் போகாது. பின்னால் வருகிறவர்களை முதலில் அனுப்பிவிட்டுப் பிறகு எடுங்கள்.

வானிலையில் மட்டும் பிடிவாதம் கூடாது. ஜனவரி அதிகாலையில் குண்டளை, செண்டுவரைப் பக்கம் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிவதுண்டு. அதன்மேல் நடந்தால் உறைந்த புல்லின் செல்கள் நொறுங்கி, சில நாளில் காலடி காலடியாகப் புல் பழுப்பாகிவிடும். ஊழியர் "பனி உருகட்டும்" என்று நிறுத்தினால் முகம் சுளிக்காதீர்கள். மூடுபனி இறங்கி முன்னால் ஆடுகிறவர்கள் தெரியவில்லை என்றால் அடிக்கவே கூடாது. ஏப்ரல், மே மாதப் பிற்பகல்களிலும் ஐப்பசியிலும் இடி மின்னல் வரும். மின்னல் ஆபத்து இருப்பதாக நியாயமாகத் தோன்றினால், யாருடைய அனுமதியும் இல்லாமல் ஆட்டத்தை நிறுத்த விதியே இடம் தருகிறது. மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

கடைசியாக விலங்குகள். குரங்கு பந்தைத் தூக்கிப்போனால் தண்டனை இல்லை. அது கிடந்த இடத்தில் வேறு பந்தை வைத்து ஆடலாம். கிரீனில் குளம்புத் தடம் இருந்தால் பட் அடிக்கும் முன் சரிசெய்துகொள்ளலாம். பந்துக்கு அருகே ஆபத்தான விலங்கு இருந்தால் தண்டனையின்றிப் பாதுகாப்பான இடத்தில் பந்தைப் போடவும் விதி உண்டு. பாம்புக்கும் தேனீக்கும் அது சரி. யானை நடமாட்டம் உள்ள பக்கங்களில் விதியை எதிர்பார்த்து நிற்க வேண்டாம். இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பையைக் கட்டிவிடுங்கள், எத்தனை குழி மீதி இருந்தாலும் சரி.